கடற்கரைக்கு வேலி எதற்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் டொரண்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஸ்டாக்ஹோமில் அந்த மாதத்துப் பகலின் நீளமே ஆறு மணி நேரம்தான். வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, வீடு திரும்பும்போதும் இருட்டு. இடையில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் மேகம் மூடிக்கொள்கிறது. இது சோம்பேறிகளின் புலம்பல் இல்லை என்பதை மருத்துவமே ஒப்புக்கொண்டு நாற்பது ஆண்டுகளாகின்றன. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசெந்தாலும் அவருடைய சகாக்களும், குளிர்காலம்தோறும் திரும்பி வரும் மனச்சோர்வைத் தனி நோய்நிலையாக 1984-இல் விவரித்தார்கள். தினமும் பிரகாசமான விளக்கின் முன் உட்கார்ந்திருப்பது அதற்குச் சிகிச்சையாயிற்று. அப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறவர், ஆண்டில் ஒரு வாரம் வெயிலில் கிடந்துவிட்டு வரலாம் என்று காசு சேர்ப்பதை ஊதாரித்தனம் என்று தள்ளிவிட முடியாது. டொரண்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் நம் ஈழத்தமிழ்க் குடும்பங்களும் தெற்கே வெயிலுக்குப் போகும் விமானங்களில் ஏறுகின்றன. வெயிலைத் தேடி வருகிறவர்மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. அவர் வந்து இறங்கும் கரையில், அங்கேயே பிறந்தவர் கால் வைக்க முடியாமல் போகிறதே, அதுதான் என் வழக்கு. கடலும் மணலும் வைத்து நடக்கும் இந்தத் தொழில் வேலி இல்லாமலே நன்றாக நடக்கும். அதற்குச் சான்றுகள் இருக்கும்போது, வேலிக்கு இடம் கொடுக்கும் சட்டங்கள் நீடிக்கக் கூடாது.

ஜமைக்காவை எடுத்துக்கொள்வோம். டொரண்டோவிலிருந்து மான்டேகோ பேவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரப் பறத்தல். டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவரைக்கும் அங்கே சீசன். தீவின் மழையையோ அறுவடையையோ பார்த்து வகுத்த கணக்கு இல்லை இது. வடக்கே பனி விழுவதைப் பார்த்து வகுத்தது. இதன் தொடக்கமும் வடக்கேதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லொரென்சோ டவ் பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர், போர்ட் அன்டோனியோவிலிருந்து பாஸ்டனுக்கு வாழைத்தார் ஏற்றிப்போய் வியாபாரம் செய்தார். வடக்கே பழம் கொண்டுபோன கப்பல்கள் தெற்கே திரும்பும்போது குளிருக்கு அஞ்சிய வசதிபடைத்தவர்களை ஏற்றி வந்தன. அவர்கள் தங்குவதற்கு டிட்ச்ஃபீல்டு என்ற ஓட்டல் எழுந்தது. மஞ்சள் காய்ச்சலுக்குப் பயந்து ஐரோப்பியர் ஒதுங்கிய தீவு, கொஞ்ச காலத்தில் உடம்பு தேற்றும் இடமாக மாறிவிட்டது. மான்டேகோ பேயில் டாக்டர்ஸ் கேவ் என்ற சின்னக் கடற்கரையை அதன் உரிமையாளரான மருத்துவர் 1906-இல் ஒரு குளியல் கழகத்துக்குக் கொடுத்தார். பிறகு இங்கிலாந்தின் பெயர்பெற்ற எலும்பு வைத்தியர் ஒருவர் அந்தத் தண்ணீருக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டென்று சொல்லப்போக, கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் தீவின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு இடம் இருக்கவில்லை. கிங்ஸ்டனில் மிர்ட்டில் பாங்க் ஓட்டலின் நீச்சல் குளத்தில் 1948-இல் ஈவன் பிளேக் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் குதித்தார். குளத்தில் குளித்தது ஒரு போராட்டமாக இன்றும் அங்கே நினைவுகூரப்படுகிறது. யார் தண்ணீரில் இறங்கலாம் என்ற கேள்வி அந்தத் தீவில் எவ்வளவு பழையது என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

அந்தக் கேள்விக்கு 1956-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதப்பட்ட கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு பதிலை எழுதிவைத்தது. அலை ஏறி இறங்கும் கரையும் கடலின் தரையும் மன்னருக்குச் சொந்தம். அதைப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். காலங்காலமாக மீன்பிடித்து வந்தவர்களுக்கு மட்டும் வழக்கத்தால் வந்த உரிமையை விட்டுவைத்தார்கள். மற்றபடி கடலில் குளிக்கவோ கரையில் நடக்கவோ பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை என்று எதுவும் அதில் இல்லை. 1962-இல் நாடு விடுதலை பெற்றது. சட்டம் அப்படியே நின்றது. 1970-களின் அரசியல் வன்முறைக்குப் பிறகு, தங்குமிடமும் சாப்பாடும் மதுவும் சேர்த்து ஒரே கட்டணம் என்ற ஆல் இன்க்ளூசிவ் ஓட்டல்கள் அங்கே வேரூன்றின. மதில் சுற்றிய வளாகம், கையில் ஒரு பட்டை, வெளியே போக வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு. 28 லட்சம் பேர் வாழும் தீவுக்கு 2024-இல் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள், கப்பலில் வந்து போகிறவர்களையும் சேர்த்து. மம்மீ பே, புளூ லகூன், பாப் மார்லி கடற்கரை என்று ஒவ்வொரு இடமாக ஊர்க்காரர்களின் பாதை அடைபட, வழக்குகள் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. மக்கள் தடையின்றிப் போகக்கூடிய கரை மொத்தக் கடலோரத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை என்கிறது கடற்கரை உரிமைக்காகப் போராடும் ஜாபெம் அமைப்பு. அவர்களுடைய கணக்கை அரசு மறுக்கலாம். அளந்து பார்த்து வேறு எண் சொல்லலாம். சட்டத்தில் உரிமை என்ற சொல் இல்லை என்பதை மறுக்க முடியாது. உரிமை இல்லாத இடத்தில், இன்று திறந்திருக்கிற கரையும் யாரோ ஒருவருடைய தயவில்தான் திறந்திருக்கிறது.

இதற்கு முதலில் வரும் பதில் பணம். ஓட்டல் கட்டுகிறவர் கோடிக்கணக்கில் முதல் போடுகிறார், அவருக்குத் தனிக் கரை கிடைக்காவிட்டால் வேறு தீவுக்குப் போய்விடுவார், அந்நியச் செலாவணியும் வேலையும் அவரோடு போய்விடும் என்கிறார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரையும் வாழையும் படுத்துவிட்ட தீவுகளுக்குச் சுற்றுலாவை விட்டால் வேறு பெரிய பிழைப்பு கிடையாது. ஆனாலும் அந்த வேறு தீவு எது என்று பார்க்க வேண்டும். ஜமைக்காவுக்குக் கிழக்கே பார்படாஸில் தனியார் கடற்கரை என்ற ஒன்றே இல்லை. கரீபியனின் மிக விலையுயர்ந்த ஓட்டல்களில் சில அந்தத் தீவின் மேற்குக் கரையில் இருக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் பந்து விளையாடும் அதே மணலில்தான் அந்த ஓட்டல் விருந்தினர்களும் படுத்திருக்கிறார்கள். ஆன்டிகுவாவிலும் கடற்கரைகள் எல்லாம் பொதுச்சொத்து. கரை பொதுவாக இருப்பதால் இந்தத் தீவுகளின் தொழில் படுத்துவிடவில்லை. முதலீட்டாளர் பார்ப்பது வெயில், விமானத் தொடர்பு, வரிச்சலுகை, நிலையான ஆட்சி. கரையைத் தனியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கொடுக்கவில்லை என்பதற்காக அவர் வராமல் இருந்துவிடவில்லை.

ஹவாயின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெருநிலத்தின் குளிருக்குத் தப்புகிறவர்கள் போகும் தீவுக்கூட்டம் அது. நிலத்தின் விலையோ வானத்தைத் தொடும். அங்கே 1968-இல் ஒரு வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை வந்தது. தனியார் நிலம் கடல் பக்கம் எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. நிலக்காரர் தரப்பு, நில அளவையாளரின் கணக்குப்படி சராசரி உயர்நீர் மட்டத்தோடு முடிகிறது என்றது. அரசுத் தரப்பு அந்த ஊரில் வாழ்ந்து பழகியவர்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியது. அலை ஏறி வந்து கடற்பாசியையும் குச்சிகளையும் ஒதுக்கிப்போடும் கோடு, செடி முளைக்கத் தொடங்கும் கோடு, அதுவே எங்கள் வழக்கத்தில் எல்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஹவாய்ப் பூர்விகக் குடியின் வழியில் வந்த தலைமை நீதிபதி வில்லியம் ரிச்சர்ட்சன் எழுதிய தீர்ப்பு, ஊர்ப் பெரியவர்களின் சாட்சியத்தை அளவைக் கருவியின் கணக்குக்கு மேலாக வைத்தது. அந்த ஒரு தீர்ப்பால் எவ்வளவோ மணல் பொதுமக்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஒதுங்கிய பாசியையும் செடியின் விளிம்பையும் எந்த மீனவக் கிராமத்திலும் கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார்கள். அந்த அறிவுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்த பிறகும் ஹவாயின் வைக்கீக்கி கடற்கரை வெறிச்சோடிப் போய்விடவில்லை. கடற்கரைகளை ஏற்கெனவே நாட்டின் சொத்தாக வைத்திருந்த மெக்சிகோ 2020-இல் தன் சட்டத்தை இன்னும் இறுக்கியது. கரைக்குப் போகும் வழியை மறிக்கும் சொத்துக்காரருக்கு அபராதம் விதித்தது. அந்நாட்டின் கடற்கரை நகரான கன்கூனுக்குப் போகும் விமானங்கள் அதற்குப் பிறகும் நிரம்பித்தான் போகின்றன.

இரண்டாவது பதில் பாதுகாப்பு. வேலியை எடுத்துவிட்டால் விற்பனையாளர்கள் மொய்த்துக்கொள்வார்கள், திருட்டு நடக்கும், பயணி பயந்து ஓடிவிடுவார் என்பது. ஜமைக்காவில் பயணிகளைச் சூழ்ந்து தொல்லை செய்வது உண்மையான பிரச்சினை. அதை மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது? வாரம் முழுக்க மதிலுக்குள் இருந்துவிட்டு, வாசலைத் தாண்டிப் பத்து நிமிடம் நடக்கும் பயணியிடம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் எதையாவது விற்றாக வேண்டும் என்றால், விற்கிறவர் கையைப் பிடித்துத்தான் இழுப்பார். மதில் உயர உயர அந்தப் பத்து நிமிடத்துக்கான போட்டியும் முற்றுகிறது. பயணியையும் ஊரையும் பிரித்துவைப்பதே நல்லது என்ற கொள்கையை மாலத்தீவைவிட முழுமையாக யாரும் நடத்திப் பார்த்ததில்லை. 1972-இல் முதல் ரிசார்ட் திறந்த பிறகு, நெடுங்காலம் ஆள் இல்லாத தீவுகளைக் குத்தகைக்கு விட்டு, மக்கள் வாழும் தீவுகளிலிருந்து பயணிகளை விலக்கியே வைத்திருந்தார்கள். 2009-ஐ ஒட்டி அந்தக் கொள்கை தளர்ந்தது. குடியிருப்புத் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. சிறைச்சாலைக்குப் பேர்போன மாஃபுஷி அதன் பிறகு ஊர்க்காரர்களே விடுதி நடத்தும் இடமாயிற்று. இப்போது நாடு முழுக்க அப்படி நூற்றுக்கணக்கான இல்லங்கள் இருக்கின்றன. இஸ்லாமிய நெறிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கும் சமூகம் அது. நீச்சலுடையில் இருக்க விரும்பும் வெளிநாட்டவருக்குக் கரையில் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொடுத்து, மற்ற பகுதியில் தங்கள் வழக்கப்படி வாழ்கிறார்கள். உரசல்கள் இல்லாமல் இல்லை; நெருக்கடியும் குப்பையும் பெருகிவிட்டன என்ற குறை நியாயமானதே. என்றாலும் கலந்தால் கலவரம் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த பயம் பலிக்கவில்லை. பலகோடி முதலீடு இல்லாத குடும்பங்களும் சுற்றுலாவில் முதலாளியாக முடிந்தது.

சட்டத்தில் பொது என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மணல் பொதுவாக இருக்கலாம். அதை அடையும் சாலை தனியார் நிலத்துக்குள் போனால் அந்தப் பொதுவுக்கு என்ன பொருள்? உரிமையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு படகில்தான் வந்து இறங்க முடியும் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை இதை எப்போதோ யோசித்திருக்கிறது. கடற்கரை விடுதிகளுக்கு விதித்த நிபந்தனைகளில், இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் கரைக்குப் போக இடைவெளி விட வேண்டும் என்று எழுதியது. 20 மீட்டர் என்றால் ஒரு மாட்டுவண்டியும் வலை சுமந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் தாராளமாகப் போய்வரலாம். உரிமை என்பதை மீட்டரில் சொல்லும் சட்டத்தைத்தான் ஊர்க்காரர் கையில் நாடாவோடு போய்ச் சோதிக்க முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குள் அந்த இடைவெளிகளை அளந்து பார்த்து கிராம சபையில் பதிவு செய்தால் நல்லது.

டொரண்டோவுக்குத் திரும்புவோம். அது இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்துக்கும் ஜமைக்காவுக்கும் நடுவே இன்னொரு போக்குவரத்து இருக்கிறது. விடுமுறை விளம்பரங்களில் அதைப் பார்க்க முடியாது. 1966-இல் 264 ஜமைக்காக்காரர்கள் ஒன்டாரியோவின் பண்ணைகளில் வேலை செய்ய அழைத்துவரப்பட்டார்கள். பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் என்ற பெயரில் அது இன்றுவரை நடக்கிறது. மற்றக் கரீபியன் நாடுகளும் மெக்சிகோவும் பின்னால் சேர்ந்தன. ஆப்பிளும் பீச்சும் பறிக்கிறார்கள், லீமிங்டனின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி வளர்க்கிறார்கள். ஒரு ஆண்டில் அதிகபட்சம் எட்டு மாதம். அனுமதி, வேலைக்கு வைத்த முதலாளியோடு கட்டிப்போடப்பட்டது. டிசம்பர் 15-க்குள் அவர்கள் கனடாவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அவர்கள் கிளம்பும் அந்த வாரத்தில்தான் மான்டேகோ பேயில் சீசன் தொடங்குகிறது. ஒன்டாரியோவின் வயலில் எட்டு மாதம் குனிந்து நின்றவர் ஊர் திரும்பும்போது, ஒன்டாரியோவிலிருந்து வந்தவர் அவருடைய கரையில் படுத்திருக்கிறார். அதில் தப்பில்லை. இவருக்கு அந்தக் கரையில் இடம் இல்லை என்பது தப்பு. கனடாவின் ஏரிக்கரைப் பூங்காக்களில் பயணியாகப் போகும் ஜமைக்காக்காரரை, நீ இந்த ஊர் இல்லை, தண்ணீரில் இறங்காதே என்று யாரும் தடுப்பதில்லை. அந்த நியாயத்தை அவருக்கு அவருடைய சொந்த ஊரிலேயே மறுப்பதை, விடுமுறைக்குப் பணம் கட்டுகிறவர்கள் அறிந்தால் விரும்புவார்கள் என்று நான் நம்பவில்லை. பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு ஏற்றவாறுதான் அந்த வளாகங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. முன்பதிவு செய்யும்போது, உங்கள் ஓட்டல் முன்னால் உள்ள கரைக்கு ஊர்க்காரர்கள் வரலாமா என்று கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. குறிப்பாக நம் ஈழத்தமிழர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். காங்கேசன்துறையில் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகி, மக்கள் முகாம்களில் கிடந்தபோது, அவர்களுடைய கடலோரத்தில் தல்செவன என்ற விடுதியை இராணுவம் நடத்தியதை அவர்கள் அறிவார்கள். கரை கைமாறுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கரை பெரும்பாலும் கைமாறுவது பேரழிவுக்குப் பிறகுதான். 2004 சுனாமிக்குப் பின் இலங்கை அரசு, தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது என்று அறிவித்தது. உயிர் காக்கும் ஏற்பாடு என்றார்கள். அதே கோட்டுக்குள் ஓட்டல்களுக்கு விலக்கு இருந்தது. அலை, மீனவர் குடிசையையும் ஓட்டலையும் பிரித்துப் பார்த்து அடிக்கவில்லை. எதிர்ப்பு வலுத்த பின்னால் அந்தக் கோடு தளர்த்தப்பட்டது, ஆனால் அதற்குள் கூடாரங்களில் கழிந்த காலம் கழிந்ததுதான். 2017 செப்டம்பரில் ஆன்டிகுவாவோடு ஒரே நாடாக இருக்கும் பார்புடாத் தீவை இர்மா புயல் சிதைத்தபோது தீவின் மக்கள் அனைவரும் ஆன்டிகுவாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அடிமைமுறை ஒழிந்த நாளிலிருந்து நிலத்தை ஊருக்குப் பொதுவாக வைத்திருந்த மக்கள் அவர்கள். அவர்கள் ஊர் திரும்பி முடிவதற்குள் புதிய விமான நிலையத்துக்கான வேலை தொடங்கியிருந்தது, நிலச் சட்டமும் திருத்தப்பட்டது.

இப்போது ஜமைக்காவின் முறை. 2025 அக்டோபர் 28 அன்று மெலிஸா புயல் ஐந்தாம் வகைச் சூறாவளியாக அந்தத் தீவின் தென்மேற்கில் கரை கடந்தது. பிளாக் ரிவர் நகரம் உருக்குலைந்தது. டிசம்பர் நடுவுக்குள் சுற்றுலா மறுபடி நடக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. வருமானம் நின்றுபோன நாட்டுக்கு அந்த அவசரம் புரிகிறது; அதைப் பழிக்க நான் தயாரில்லை. ஓட்டல்கள் திறந்தால்தான் அறை துடைக்கிறவருக்கும் சமையல்காரருக்கும் சம்பளம் கிடைக்கும். ஆனால் இடிந்த மதிலை மறுபடி கட்ட அனுமதி தரும் அதிகாரி, அது முன்பு இருந்த இடத்திலேயே, முன்பு இருந்த நீளத்துக்கே இருக்க வேண்டுமா என்று கேட்க வேண்டிய நேரமும் இதுதான். புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கரையைப் பயன்படுத்த ஒவ்வொரு ஓட்டலும் உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உரிமம் தருகிறவருக்கு நிபந்தனை போடும் அதிகாரமும் உண்டு. மதிலின் இரு ஓரங்களிலும் சாலையிலிருந்து மணல் வரைக்கும் ஒரு பாதை, அதற்குப் பூட்டில்லாத வாசல், படகு ஏற்றி வைக்க ஒரு துண்டு கரை: இவ்வளவையும் அடுத்த உரிமத்தில் எழுதச் சொல்லி, மான்டேகோ பேயிலும் நெக்ரிலிலும் உள்ள ஊர்க்காரர்கள் கேட்கலாம்.